கூடையில் கை மாறிய வரி

சீரியல் என் பக்கம் நிற்கவில்லை. அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பச்சையும் வெள்ளையுமான அந்த ஒயர் கூடையைப் பின்னியது நாயகியைப் பெற்ற அம்மாதான் என்று பழைய காட்சி ஒன்றைப் போட்டுக் காட்டிவிட்டார்கள். அன்றைக்குக் குரூப்பில் எனக்கு வந்த சிரிப்புப் படங்கள் கொஞ்சநஞ்சமல்ல. நான் சொல்லியிருந்தது வேறு. ஆனாலும் சொன்னதை நான் இன்றுவரை திரும்ப வாங்கவில்லை. வாங்கப் போவதுமில்லை. ஏன் என்று பிள்ளைகள் உங்கள் இரண்டு பேருக்கும் எழுதி வைக்கிறேன். பேசினால் எனக்குப் பாதியிலேயே குரல் ஏறிவிடும், நீங்களும் எழுந்து போய்விடுவீர்கள். எழுதினால் உட்கார்ந்து படித்துத்தானே ஆக வேண்டும்.

நான் எட்டாவது வரைதான் படித்தவன். பிழை இருந்தால் பெரியவள் திருத்திக்கொள். உனக்கு மலையாளம்தான் கைக்கு வரும், தமிழில் என் பிழை உன் கண்ணில் படாமலும் போகும். அதுவும் எனக்கு நல்லதுதான்.

சின்னவன் அந்தச் சீரியலைப் பார்த்ததில்லை. அவனுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். நாயகியின் அம்மா சின்ன வயதிலேயே செத்துப்போனாள். அப்பன் குடிகாரன். பிள்ளையை மாமா வீட்டில் விட்டுவிட்டு எங்கேயோ போய்விட்டான். வளர்ந்து கல்யாணமாகிப் போன இடத்தில் மாமியார் கொடுமை. ஒரு நாள் அவளை வீட்டைவிட்டு வெளியே போகச் சொல்கிறார்கள். நகையை வைத்துவிட்டுப் போ, பட்டுப்புடவையை வைத்துவிட்டுப் போ என்கிறாள் மாமியார். இவள் எல்லாவற்றையும் வைத்துவிட்டு, அடுக்களை மூலையில் கிடந்த ஒரு பழைய ஒயர் கூடையை மட்டும் எடுத்துக்கொள்கிறாள். மாமியார் அதையும் பிடுங்க வருகிறாள். கூடையைக் கிட்டத்தில் பார்த்ததும் கையை இழுத்துக்கொள்கிறாள். அத்தோடு தொடரும் போட்டுவிட்டார்கள்.

அந்தக் கை ஏன் பின்னால் போனது? அதுதான் குரூப்பில் ஒரு வாரச் சண்டை.

குரூப் என்றால் நம் திருவனந்தபுரத்துத் தமிழ்க்காரர்கள் அந்தச் சீரியலுக்காகவே போனில் வைத்திருக்கிற கூட்டம். ஸ்ரீவராகத்து மாமிதான் அதை நடத்துகிறார். நான் சாலை என்று சொல்கிற கடைத்தெருவில், ஆரியசாலைப் பிளாஸ்டிக் மொத்தக்கடையில் வேலை பார்க்கிறவன். மாமி வீட்டுக்கு ஒரு தடவை பக்கெட் கொண்டுபோய் இறக்கினேன். உள்ளே டிவியில் அதே சீரியல் மறு ஒளிபரப்பு ஓடிக்கொண்டிருந்தது. நான் வாசலில் நின்றபடியே, "அவ இந்தத் தடவ கையெழுத்துப் போட மாட்டா மாமி" என்று சொல்லிவிட்டேன். மாமி திரும்பிப் பார்த்தார்.

"அட, நீங்களும் பாக்கறேளா?"

"கடையில மத்தியானம் போன்ல பாக்கேன் மாமி. ராத்திரி கடை அடைச்சு வர்றதுக்குள்ள முடிஞ்சிருதுல்லா."

"நம்பரைச் சொல்லுங்கோ" என்று அங்கேயே சேர்த்துக்கொண்டார். அப்படித்தான் சாலைக்கடைக்காரன் ஒருவன், ஆபீசிலிருந்து ஓய்வு பெற்றவர்களும் டீச்சர்களும் மாமிமார்களும் உள்ள குரூப்புக்குள் போனது. மூன்று மாதம் நான் வாயைத் திறக்கவில்லை. எல்லாரும் பேசுவதைக் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தேன்.

கூடை வந்த பிறகுதான் சும்மா இருக்க முடியவில்லை.

மாமியின் கட்சி, அது செத்துப்போன அம்மா பின்னின கூடை, மகள் அதில் தாயைப் பார்க்கிறாள் என்றது. மாமியின் வீட்டுக்காரர் ஒரு கட்சி. அவர் கணக்கு ஆபீசில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எல்லாரும் சார் என்போம். கூடையைப் பின்னியது மாமியார்தான், மருமகள் வந்த புதிதில் ஆசையாகப் பின்னிக் கொடுத்தது, அதனால்தான் கை பின்வாங்கியது என்றார் அவர். நீளநீளமாக எழுதினார். நம்பர் போட்டுக் காரணம் சொன்னார். வேறு சிலர், கூடைக்குள் ஏதோ பத்திரம் இருக்கிறது, அடுத்த வாரம் வெளியே வரும் என்றார்கள். அப்பனைப் பற்றி மட்டும் ஒருவரும் பேசவில்லை. அந்தக் குடிகாரன் எப்போது சாவான் என்று கேட்டதோடு சரி.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். கடையின் பின்பக்கத்துக் கோடவுனில், பக்கெட் அடுக்குக்கு மேல் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு சாப்பிட்டோம். என்னோடு வேலை பார்க்கிற நாஞ்சில்நாட்டுக்காரன் பக்கத்தில் இருந்தான். அந்தப் பகுதியில் நாயகி பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து கூடையை மடியில் வைத்து அழுகிறாள். கூடையை அவ்வளவு கிட்டத்தில் அன்றைக்குத்தான் காட்டினார்கள். நான் சோற்றுக் கையோடு எழுந்து இடது கையால் படத்தை நிறுத்தினேன். விரலால் விரித்துப் பெரிதாக்கினேன்.

"என்ன அண்ணாச்சி, அழுகாளா சிரிக்காளான்னு பாக்கீரா?" என்றான் அவன்.

"லேய், அவள விடு. கூடையப் பாரு."

"கூடைதான். நம்ம கடையில மாலையாத் தொங்குகே, அதே ஒயரு."

"பாதி வரைக்கும் முடிச்சு ஒரு பக்கமாச் சாஞ்சிருக்கு. அதுக்கு மேல மறுபக்கமாச் சாயுது. பாத்தியா?"

அவன் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். "அண்ணாச்சி, கூடைக்கு ஜாதகம் எழுதப் போறீரு போலுக்கே" என்று சொல்லிவிட்டு அப்பளத்தை எடுத்துக் கடித்தான்.

உங்களுக்குப் புரிகிற மாதிரிச் சொல்கிறேன். ஒயர் கூடையின் சாதாரண முடிச்சு ஒவ்வொன்றின் மேலும் ஒரு ஒயர் சாய்வாகக் கிடக்கும். ஒரே ஆள் பின்னினால் எல்லா முடிச்சும் ஒரே பக்கம் சாயும், பள்ளிக்கூட அசெம்பிளியில் பிள்ளைகள் ஒரே பக்கம் பார்த்து நிற்கிற மாதிரி. பெண்பிள்ளைகள் இதை அம்மாவிடமோ அக்காவிடமோ படிப்பார்கள். பக்கத்தில், தோளோடு தோள் உட்கார்ந்து படிப்பார்கள். அதனால் அம்மாவுக்கும் மகளுக்கும் முடிச்சு ஒரே பக்கம் சாயும். ஆனால் ஒரு ஆள் எதிரே உட்கார்ந்து பார்த்துப் படித்தால்? கண்ணாடியில் பார்ப்பது மாதிரி எல்லாம் மாறிவிடும். அவள் வலது கை இவனுக்கு இடது பக்கம். இவன் அதைப் பார்த்து இடது பக்கமாகவே இழுப்பான். முடிச்சு உறுதியாகத்தான் விழும், ஆனால் மறுபக்கம் சாயும்.

அது மட்டுமில்லை. அந்தக் கூடையில் முடிச்சு மாறுகிற இடத்தில் முதல் இரண்டு வரி தொளதொளவென்று இருந்தது. அதற்கு மேல் போகப்போக இறுகியிருந்தது. அதாவது கை மாறிய ஆளுக்கு முன்னே பின்னே பழக்கமில்லை. அந்தக் கூடையிலேயே படித்து, அந்தக் கூடையையே முடித்திருக்கிறான்.

அன்று சாயங்காலம் கடை வாசலில் நின்று குரூப்பில் வாய்ஸ் போட்டேன். என் வாழ்க்கையில் அத்தனை பேர் கேட்க நான் பேசியது அதுதான் முதல் தடவை. இப்படித்தான் பேசினேன்:

"எல்லாருக்கும் வணக்கம். நான் சாலையில இருந்து பேசுதேன். அந்தக் கூடைய ஒரு ஆள் பின்னல. ரெண்டு பேரு பின்னிருக்காங்க. அடிப்பாதி கை பழகுனவுங்க பின்னுனது, அது அம்மாவா இருக்கலாம். மேல்பாதி, எதிர்க்க உக்காந்து படிச்ச ஆள் பின்னுனது. மாமியார் கிடையாது. அம்மா முடியாமப் படுத்திருக்கும்போது எதிர்க்க உக்காந்திருந்தது யாரு? அப்பன்தான். அவன் குடிகாரன்தான், நான் இல்லங்கல. ஆனா அந்தக் கூடைய முடிச்சது அவன்தான். மகளுக்கு அது தெரியும். மாமியாருக்கும் தெரிஞ்சிருக்கு, அதான் கைய எடுத்துட்டா."

போட்டு முடித்ததும் டீக்கடைக்குப் போனேன். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தேன். சிரிப்புப் படங்கள். ஒரு டீச்சர், 'ஆம்பிள கூடை பின்னினானாம், நாளைக்குப் பூவும் கட்டுவான்' என்று எழுதியிருந்தார். பூ கட்டுகிற ஆம்பிளைகள் கோட்டைக்குள் கோயில் பக்கம் வரிசையாக உட்கார்ந்திருப்பதை அந்த டீச்சர் பார்த்ததில்லை போலும். சார் மட்டும் கேள்வி கேட்டார்: 'இவ்வளவு விவரமாகச் சொல்கிறீரே, உமக்கு எப்படித் தெரியும்? நீர் பின்னுவீரோ?'

அந்தக் கேள்விக்கு நான் பதில் போடவில்லை. அதுதான் நான் செய்த தப்பு. வாய்ஸ் போட்டது தப்பில்லை.

மறுநாள் சனிக்கிழமை காலையில் டியூஷனிலிருந்து நீ வந்தாய், பெரியவளே. உன் பையைக் கட்டிலில் எறிந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

"அப்பா, நீ ஏதோ சீரியல் குரூப்ல வாய்ஸ் போட்டியா?"

"போட்டேன். ஏன்?"

"அந்த டீச்சரோட மோள் என் கிளாஸ்ல. எல்லாருக்கும் அதைக் கேப்பிச்சா. 'பேசுதேன், பேசுதேன்'னு எல்லாரும் களியாக்குறாங்க. என்னைக் கூடைக்காரன் மோள்னு விளிக்குறாங்க. நாணக்கேடு அப்பா! டிலீட் பண்ணு, ப்ளீஸ்."

கேலி செய்ததை நீ சொல்லும்போது உன் கண் நிறைந்துவிட்டது. அதைப் பார்த்ததும் போனை எடுத்துவிட்டேன், உண்மையைச் சொல்கிறேன். சின்னவன் ஓடிவந்து, போட்டு இரண்டு நாள்வரை எல்லார் போனிலிருந்தும் அழிக்கலாம், அதற்குப் பிறகு அழியாது என்று சொல்லிக்கொடுத்தான். ஞாயிறு சாயங்காலம்வரை நேரம் இருந்தது. நான் போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன். நீ என்னோடு பேசாமல் இருந்தது அந்த நிமிஷத்திலிருந்துதான்.

உனக்கு அன்றைக்குத் தெரியாத ஒன்றை இப்போது எழுதுகிறேன். உனக்கு நாலு வயது. இந்த ஊர் முழுக்கச் சிக்குன்குனியா. உன் அம்மாவுக்கும் வந்தது. காய்ச்சல் போய்விட்டது, விரல் மட்டும் மடங்கவில்லை. டம்ளரை இரண்டு உள்ளங்கையாலும் பிடித்துக் குடிப்பாள். அந்த நேரத்தில் ஸ்ரீவராகத்து மாமியின் மகள் கல்யாணத்துக்குத் தாம்பூலம் போட்டுக் கொடுக்க இருபத்தொரு சின்னக் கூடை பின்னித் தருகிறேன் என்று அம்மா ஒத்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் முழுசாக முடிந்திருந்தது. மீதி பாதியில் நின்றது, சிலதுக்கு அடி மட்டும்.

அம்மா சுவரில் சாய்ந்து உட்காருவாள். நான் எதிரே உட்காருவேன். அவள் முடிந்தும் முடியாமலும் ஒரு முடிச்சைப் போட்டுக் காட்டுவாள். பிறகு முகவாயாலேயே காட்டிச் சொல்லுவாள், "அந்த ஒயர இல்ல, அங்கிட்டு உள்ளது. ஆங். இழுங்க. இழுங்கங்கேன்லா, மூட்டையா தூக்குதீங்க?" எதிரே உட்கார்ந்து படித்தால் கை மாறும் என்று எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. நாலைந்து கூடை முடிந்த பிறகுதான் ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். "என்னங்க இது, என் முடிச்சு ஒரு பக்கம் பாக்கு, உங்க முடிச்சு மறுபக்கம் பாக்கு!" என்று சிரித்தாள். விரல் வலியோடு அவள் அப்படிச் சிரித்து அந்த மாதம் நான் பார்த்தது அது ஒன்றுதான். அவிழ்த்துப் பின்ன நாள் இல்லை. அப்படியே கொடுத்தோம். மாமி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் கைக்குத் தங்க வளை போடணும்டி" என்றாராம். அம்மா அந்தக் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு வந்தாள்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். அம்மாவுக்கு வெட்கமில்லை. எனக்குத்தான் வெட்கம். சாலையில் மூட்டை தூக்குகிற கூட்டத்தில் கூடை பின்னுகிறவன் என்று பேர் வந்தால் என்ன ஆகும்? ஜன்னலைச் சாத்திக்கொண்டு பின்னினேன். நீ எட்டிப் பார்த்தால் ஒயரைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு எழுந்துவிடுவேன். உன் வயதில் உனக்கு வந்த அதே நாணக்கேடு. உன்னை நான் எப்படிக் குறை சொல்வேன்?

அந்தச் சனிக்கிழமையே மாமி வீட்டுக்கு மூடி போட்ட ஒரு தண்ணீர் டிரம் கொண்டுபோக வேண்டியிருந்தது. வேறு ஆளை அனுப்பியிருக்கலாம். நானே போனேன். சார் நடுக்கூடத்தில் சாய்வு நாற்காலியில் இருந்தார்.

"வாரும் ஓய், கூடை ஜோசியரே! டிரம்மைப் பார்த்து என்ன சொல்றீர்? இதையும் ரெண்டு பேர் பண்ணினாளா?"

"டிரம்மு மெசின்ல வார்க்கது சார். கூடைய மனுசன் பின்னணும்" என்றேன்.

மாமி உள்ளேயிருந்து, "பாவம், வந்ததும் வராததுமா ஏன் சீண்டறேள்?" என்று சொல்லிக்கொண்டே மோர் கொண்டு வந்தார். சார் விடவில்லை.

"நான் கேட்ட கேள்விக்கு நீர் பதில் போடலையே. சரி, மேல்பாதி பின்னினவ இடக்கைக்காரியா இருந்தா? அப்பவும் முடிச்சு மாறுமோன்னோ? அப்போ மாமியாரே பின்னியிருக்கலாமே?"

நல்ல கேள்விதான். எனக்கு அது தோன்றவே இல்லை. கொஞ்சம் நின்று யோசித்தேன்.

"மாறும் சார். ஆனா இடக்கைக்காரி பழகுனவளா இருந்தா முதல் வரியில இருந்தே இறுக்கமா இருக்கும். இது முதல் ரெண்டு வரி தொளதொளன்னு இருக்கு. புதுசாப் படிச்ச கை. இதே மாதிரிக் கூடை இந்த வீட்டுலயே இருக்கு சார்."

"இந்த வீட்டிலயா?"

பூஜை அறைக் கதவுக்குப் பக்கத்து ஆணியில் அந்தக் கூடை தொங்கியது. மாமி கோயிலுக்குப் பூ எடுத்துப் போகிற கூடை. கேட்டுத்தான் எடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்து, விரல் வைத்துக் காட்டினேன்.

"இது வரைக்கும் வீட்டுல உள்ளவ கை. இதுக்கு மேல என் கை. அவளுக்கு விரல் மடங்கல. எதிர்க்க உக்காந்து நான் முடிச்சேன். மாமி, அந்தக் கல்யாணக் கூடையில பாதிக்கு மேல நான் பின்னுனது. அன்னைக்குச் சொல்லல. இன்னைக்குச் சொல்லுதேன்."

சார் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். விரலால் தடவினார். "வரி தெரியறது" என்றார். உடனே நிமிர்ந்து, "உம்ம கூடையை நீர் பின்னினீர், சரி. அதனால சீரியல்ல அப்பன் பின்னினான்னு ஆயிடுமா? நான் ஒத்துக்க மாட்டேன்" என்றார்.

"ஒத்துக்க வேண்டாம் சார். நான் கண்டதச் சொன்னேன்."

மாமி மட்டும் கூடையை வாங்கிக்கொண்டு, "இத்தனை வருஷம் கையில தூக்கிண்டு போறேன், எனக்குத் தெரியலையே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அது என்னவோ போல் இருந்தது. அழுவதற்கு அதில் என்ன இருக்கிறது?

என்ன இருக்கிறது என்று சாயங்காலம் தெரிந்தது. மாமி கூடையைப் படம் பிடித்துக் குரூப்பில் போட்டிருந்தார். 'நோயில் வாடிய மனைவிக்காகத் தன் ஆண் என்ற கௌரவத்தையும் விட்டுக் கூடை பின்னிய நம் சாலை அண்ணா' என்று எழுதியிருந்தார். சிரித்தவர்களெல்லாம் இப்போது கும்பிடும் கையைப் போட்டார்கள். பூ கட்டுவான் என்ற டீச்சர், 'தியாகம்' என்று எழுதி மூன்று பூப்படம் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீயாக வந்து பேசினாய். ஒரு நாளுக்குப் பிறகு வந்த முதல் பேச்சு.

"அப்பா, இப்ப ஓகே. மாமி போட்டது எல்லாரும் கண்டாச்சு. நல்ல பேரு. இனி அந்தப் பழைய வாய்ஸ மட்டும் டிலீட் பண்ணிடு. மாமியோடது இருக்கட்டும்."

"ரெண்டும் ஒரே கூடைதானே?"

"அதல்ல அப்பா. மாமி போட்டதுல நீ நல்ல ஹஸ்பண்ட். நீ போட்டதுல…"

"நான் போட்டதுல?"

"நீ கூடை முடையுற ஆளு."

அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். நீ தலையைக் குனிந்துகொண்டாய். கெட்ட எண்ணத்தில் நீ அதைச் சொல்லவில்லை. எனக்கு ஒரு நல்ல வழியைத்தான் காட்டினாய். அந்த வழியில் போயிருந்தால் எல்லாருக்கும் சுகம். உன் வகுப்பில் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். நான் மூச்சு விடாமல் தியாகியாக இருந்துவிட்டுப் போகலாம்.

ஆனால் அது பொய், மகளே.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "கல்யாணம் முடிஞ்சு ஒரு மாசத்துல எனக்கு விரல் சரியாயிட்டு. நான் பின்ன உக்காந்தா, இவரும் எதிர்க்க ஒண்ண எடுத்துட்டு உக்காந்துருவாரு. வைங்கன்னாலும் வைக்கமாட்டாரு. இப்பமும் ஞாயித்துக்கிழம நீ டியூஷன் போனா, இந்த மனுசன் கட்டிலுக்கு அடியிலதான் கைய விடுவாரு" என்றாள். நீ என்னைப் பார்த்தாய். சின்னவன் உடனே குனிந்து கட்டிலுக்கு அடியில் தேடினான். நீல ஒயரில் பாதிக் கூடை ஒன்றை இழுத்து வெளியே போட்டான். "ஏய், அப்பா, சரிக்கும், நெசமா நீயா?" என்றான்.

நான்தான். அம்மாவுக்காகப் பின்னியது ஒரு மாதம். அதற்குப் பிறகு பின்னியதெல்லாம் எனக்குப் பிடித்துப் பின்னியது. நாள் முழுக்க இன்னொருவன் செய்த பக்கெட்டையும் குடத்தையும் ஏற்றி இறக்குகிறேன். எல்லாம் அச்சில் வார்த்தது, ஒன்றுக்கொன்று வித்தியாசமில்லை. கூடையில் மட்டும், இதோ இந்த வரி நான் போட்டது என்று தொட்டுக் காட்ட முடியும். மூலை திரும்பும்போது நாலு பக்கமும் சேர்ந்து எழுந்து நிற்கும் பார், அந்த நேரம் எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம். இதில் தியாகம் எங்கே வந்தது? ஆண் என்ற கௌரவத்தை நான் எங்கே விட்டேன்? ஒயரைப் பிடித்ததும் அது என்னை விட்டுப் போய்விட்டதா? பெண் பின்னினால் பொழுதுபோக்கு, ஆண் பின்னினால் ஒன்று கேலி அல்லது தியாகம். பிடித்துப் பின்னினான் என்று ஒருவராவது எழுதினார்களா?

அந்தச் சீரியல் அப்பனைப் பற்றியும் இதுதான் எனக்கு. கதை எழுதினவர் அவனுக்குக் குடியை மட்டும் கொடுத்தார். அம்மா பின்னினாள் என்று பிறகு ஒரு காட்சி எடுத்தார்கள், பார்த்தேன். அந்த நடிகை ஒயரை மல்லிகைச் சரம் மாதிரி விரல் நுனியில் பிடித்திருந்தாள். கதையில் அவன் பின்னாமல் இருக்கலாம். ஆனால் படப்பிடிப்புக்கு அந்தக் கூடை எங்கிருந்தோ வந்திருக்கிறது. ஏதோ ஊரில், ஏதோ வீட்டில், ஒருவர் தொடங்க, எதிரே உட்கார்ந்த ஒருவர் தொளதொளவென்று இரண்டு வரி போட்டுப் படித்து முடித்த கூடை அது. அது நடந்தது. கதை எழுதினவருக்குத் தெரியாவிட்டாலும் நடந்தது. எத்தனை சிரிப்புப் படம் வந்தாலும் அதை நான் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது.

அன்றைக்கு உன்னிடம் இவ்வளவும் சொல்ல வரவில்லை. "அழிக்க மாட்டேன்" என்றேன், அவ்வளவுதான். "ஸ்கூல்ல கேட்டா, எங்க அப்பா இல்ல, வேற ஆளுன்னு சொல்லிக்கோ. எனக்கு வருத்தம் கிடையாது. ஆனா நான் அழிக்க மாட்டேன். இன்னொண்ணும் போடப் போறேன்."

"இன்னொண்ணா? அப்பா!"

"மாமிக்குப் பதில் சொல்லணும்."

நீ எழுந்து போகத்தான் கால் வைத்தாய். நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து போனைக் கையில் எடுத்தேன். முதல் தடவை பேசத் தொடங்கி, "மாமி, நான் சாலையில இருந்து" என்றதோடு நிறுத்தினேன். இரண்டாவது தடவை பேசிவிட்டுப் போட்டுக் கேட்டேன். மேலே ஃபேன் கடகடவென்று அடித்துக்கொண்டதில் என் பேச்சு ஒன்றும் விளங்கவில்லை.

"ஒண்ணும் கேக்கலையே" என்றேன், யாரிடம் என்றில்லாமல்.

நீ கதவருகே நின்றாய். முகத்தில் கோபம் அப்படியே இருந்தது. வலது கையை நீட்டி ஃபேனை அணைத்தாய். சின்னவன் வாயைத் திறக்கப் போனான், அவன் தலையில் லேசாக ஒரு தட்டுத் தட்டினாய்.

"மெதுவா பேசு அப்பா. ஓடாதே" என்றாய்.

அறை அமைதியானது. புழுக்கத்தில் எனக்கு வேர்த்துக் கொட்டியது. நான் பேசினேன்.

"மாமி, நீங்க போட்டதுக்கு ரொம்ப நன்றி. ஆனா அதுல ஒரு திருத்தம் இருக்கு. வீட்டுல முடியாமப் போனதால நான் படிச்சது நெசம்தான். அதுக்கப்புறம் இத்தன வருசமாப் பின்னுறது அவளுக்காக இல்ல. எனக்குப் பிடிச்சிருக்கு, பின்னுதேன். சார் கேட்டாரு, நீர் பின்னுவீரான்னு. பின்னுவேன் சார். தியாகம்னு யாரும் எழுத வேண்டாம். கூடை வேணும்னா சொல்லுங்க, பின்னித் தாரேன். என் முடிச்சு மறுபக்கம்தான் சாயும்."

அனுப்பிவிட்டு நிமிர்ந்தேன். நீ இன்னும் அங்கேயேதான் நின்றிருந்தாய், விரல் ஃபேன் சுவிட்சின் மேல்.